மார்பகப் புற்றுநோய்க்குக் ‘கரண்ட்’ வைக்கப் போகிறவர்களுக்கும் உடன் போகிறவர்களுக்கும்

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையை அந்தப் பெயரால் சொல்பவர்கள் குறைவு. “கட்டியை எடுத்தாகிவிட்டது, இனிமேல் கரண்ட் வைக்க வேண்டுமாம்” என்றுதான் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பேச்சு வரும். அச்சத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உடம்பில் கம்பியைப் பொருத்தி மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று எண்ணி நடுங்கியபடி அமர்ந்திருந்த ஓர் அம்மாளை மதுரை மருத்துவமனையொன்றின் காத்திருப்புக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். இது எக்ஸ்ரே எடுக்கும் கதிரின் இனத்தைச் சேர்ந்ததே; ஆற்றல் பன்மடங்கு கூடியது, குறித்த இடத்தில் மட்டும் விழுமாறு திட்டமிடப்படுவது. கண்ணுக்குத் தெரியாது, படும்போது சுடாது, வலிக்காது.

என் ஆச்சிக்கு, அதாவது உடன்பிறந்த அக்காவுக்கு, இடது மார்பில் தொடக்க நிலையிலேயே நோய் கண்டறியப்பட்டுக் கட்டி மட்டும் அகற்றப்பட்டது. அதன் பிறகு நான்கு வாரம் அவருடன் மதுரைக்குப் போய்வந்தேன். நான் மருத்துவர் அல்லேன். ஆனால், சிகிச்சை அறைக்குள் நடப்பதுதான் இந்த மருத்துவத்தின் மிக எளிய பகுதி என்பதும், ஆயத்தம் தேவைப்படுவதெல்லாம் அதற்கு முன்னும், எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணும் வேளைக்குப் பின்னும்தான் என்பதும் அந்த நான்கு வாரத்தில் எனக்கு விளங்கின.

கட்டியை எடுத்த பிறகும் ஏன்?

மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும்போது, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தென்படாத நோயணுக்கள் எஞ்சிய திசுவில் தங்கியிருக்கக் கூடும். அவற்றை அழிக்கத்தான் கதிர். 17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றுதிரட்டி 2011-இல் வெளியான கணக்கின்படி, கதிர்வீச்சுப் பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் ஏதோ ஓர் இடத்தில் மீண்டும் தலைகாட்டியது. பெற்றவர்களில் அது ஏறத்தாழ 19 விழுக்காடாகக் குறைந்தது. பதினைந்து ஆண்டுக்குள் அந்நோயால் இறந்தோர் 25-லிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தனர். அவை பழைய ஆய்வுகள். இன்றைய மருந்துகளால் இரு பக்கத்து எண்களும் இறங்கியிருக்கின்றன என்றாலும், கதிர் தரும் நன்மையின் திசை மாறவில்லை.

“அதற்கு மார்பையே எடுத்துவிட்டால் இந்த அலைச்சல் வேண்டாமே” என்று எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுத் தருவதையும் மார்பை முழுதும் எடுப்பதையும் ஒப்பிட்டு இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் இருபது ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. ஆயுளில் வேறுபாடு இல்லை என்றே இரண்டும் கூறின. ஆகவே, அலைச்சலுக்கு அஞ்சி மார்பை எடுக்கத் தேவையில்லை. முழுதும் எடுப்பதே மனத்துக்கு அமைதி என்று ஒருவர் தேர்ந்தாலும் அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. முழுதும் எடுத்தவர்களுக்கும் அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதை மட்டும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் 65 வயதைக் கடந்த ஆயாவோ அப்பத்தாவோ நோயாளியாக இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்து, அக்குளில் பரவாமல், ஹார்மோன் மருந்துக்கு இணங்கும் வகையாகவும் இருந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது: ஹார்மோன் மாத்திரையுடன் கதிர்வீச்சும் பெற்றவர்களில் பத்து ஆண்டுக்குள் அதே மார்பில் நோய் திரும்பியது 0.9 விழுக்காடு, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 9.5 விழுக்காடு, ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. பயணம் தாங்காத உடம்பு என்றால் இந்த எண்களை வைத்து மருத்துவரிடம் பேசலாம். ஆனால், கதிரை விடுவதென்றால் மாத்திரையை விடாமல் உண்ணும் கட்டுப்பாடு வேண்டும்.

எத்தனை நாள்?

கதிரின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகால் குறிப்பார்கள். முன்பெல்லாம் 50 கிரேயை 25 தவணையாக, ஐந்து வாரம் தருவதே வழக்கம். இப்போது 40 கிரேயை 15 தவணையாக, மூன்று வாரத்தில் முடிப்பது பரவலாகிவிட்டது. நோயைத் தடுப்பதில் அது பழைய முறைக்குக் குறைந்ததன்று. 26 கிரேயை ஐந்தே தவணையாக ஒரு வாரத்தில் தரும் முறைக்கும் 2020-இல் பிரிட்டன் ஆய்வொன்று சான்று தந்திருக்கிறது. அது எல்லாருக்கும் பொருந்துவதில்லை. நாள் குறைந்தால் மருத்துவமும் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு தவணையின் அளவும் கூடுகிறது. காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நாள்தோறும் போய்வருகிறவருக்கு 25 என்பது 15 ஆனால் 1,800 கிலோமீட்டர் பயணம் மிச்சம். ஆகவே எத்தனை தவணை, ஏன் அத்தனை என்று முதல் நாளிலேயே கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சிலருக்கு, குறிப்பாக வயது குறைந்தவர்களுக்கு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில தவணை உண்டு; அதைப் பூஸ்ட் என்பார்கள். ஆச்சிக்கு 15-உடன் ஐந்து பூஸ்ட் சேர்ந்து இருபது நாள் ஆயிற்று. திங்கள் முதல் வெள்ளி வரை சிகிச்சை. சனி, ஞாயிறு ஓய்வு. பதினைந்து தவணை, விடுமுறையும் சேர்த்தால், 21 நாள். 21 நாள் நடக்கும் பிள்ளையார் நோன்புக்கு நாளுக்கு ஓர் இழையாக எண்ணிப் பழகிய ஆச்சிக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சிகிச்சைக்கும் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளைத் தொங்கவிட்டுக் கோடு போட்டுவந்தார்.

போவதற்கு முன்

கீமோ தேவைப்படாதவர்களுக்கு அறுவைக் காயம் ஆறியதும், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கும். கீமோ உண்டென்றால் அது முடிந்து மூன்று, நான்கு வாரம் கழித்து. இந்த இடைவெளியைக் காகித வேலைக்கும் கைப்பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் சென்னைதான். அங்கே அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954-இல் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நம் அருகிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அந்த முயற்சிக்கு வித்து. இன்று மதுரையிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கதிர்வீச்சு வசதி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காப்பீட்டின் ஒப்புதல் வந்த பிறகே திட்டமிடல் தொடங்கும் என்பதால், அறுவைக்குப் பின் தையல் பிரிக்கும் நாளிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. திருச்சிக்கோ சென்னைக்கோ ரயிலில் போகிறவர்கள், மருத்துவமனை தரும் சலுகைச் சான்றைக் காட்டினால், படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் முழுதும் தள்ளுபடி. உடன் செல்பவர் ஒருவருக்கும் பெருமளவு சலுகை உண்டு. மதுரைக்கு ரயில் மானாமதுரையைச் சுற்றிப் போவதால், திருப்பத்தூர், மேலூர் வழிப் பேருந்தே எங்களுக்கு ஏற்றதாக இருந்தது.

கைப்பயிற்சியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கதிர்வீச்சின்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி, பிடியொன்றைப் பற்றியபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும். அக்குளில் அறுவை நடந்த பின் தோள் இறுகிப்போனால் இது இயலாது. கை உயராததால் திட்டமிடலே தள்ளிப்போனவர்களைக் கண்டோம். அறுவை மருத்துவர் அனுமதித்ததும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலேறும் பயிற்சியை நாளுக்கு மூன்று, நான்கு முறை செய்ய வேண்டும். ஆச்சி வீட்டு முற்றத்துத் தேக்குத் தூணில் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, ஒவ்வொரு நாளும் நேற்றைய கோட்டைத் தாண்டுவதைக் குறியாக வைத்துக்கொண்டார். கோடுகள் இன்னும் இருக்கின்றன, யாரும் துடைக்கவில்லை.

அளவெடுக்கும் நாள்

முதல் நாளில் கதிர் கிடையாது. சிமுலேஷன் என்று சொல்லும் அளவெடுப்பு நடக்கும். சாய்வுப் பலகையில் கை தூக்கிய நிலையில் படுக்கவைத்து, சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு நாளும் அதே நிலையில் படுக்கவைப்பதற்காகத் தோலில் அடையாளமிடுவார்கள். சில இடங்களில் எள்ளளவான பச்சைக்குத்துப் புள்ளிகள். சில இடங்களில் மை கொண்டு போட்ட கோடுகள். கோடாக இருந்தால் குளிக்கும்போது தேய்க்கக் கூடாது. மங்கினால் நீங்களே வரைந்துகொள்ளவும் கூடாது.

மேலாடையின்றிப் படுக்க வேண்டியிருப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பணியாளர் ஆணாக இருக்கலாம். பெண் பணியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. முன்பக்கம் கொக்கி வைத்த தளர்ந்த ரவிக்கையும், போர்த்திக்கொள்ள ஒரு மெல்லிய துண்டும் கொண்டுபோனால் கூச்சம் பாதி குறையும்.

அடுத்து, தாலி. கதிர் விழும் இடத்தில் உலோகம் இருக்கக் கூடாது. சிகிச்சை நேரத்தில் சங்கிலியைக் கழற்றச் சொன்னபோது கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சமூகத்துப் பெண்கள், கழுத்துரு என்னும் தாலியை விசேஷ நாளில் மட்டும் அணிந்து பின்பு பெட்டகத்தில் வைத்துப் பழகியவர்கள் என்பதால் ஆச்சிக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. மனம் ஒப்பாதவர்கள், பொன் உருக்களை எடுத்து வைத்துவிட்டு அந்த நாள்களுக்கு வெறும் நூல் சரடு அணிந்துகொள்ளலாமா என்று பணியாளரிடம் கேட்கலாம். சரட்டுக்கு மஞ்சள் பூசுவதை மட்டும் அதுவரை நிறுத்திவைக்க வேண்டும்.

இடது மார்பு என்றால் இதயம் அருகில் இருக்கிறது. இதயத்தின் மேல் விழும் சராசரிக் கதிர் ஒரு கிரே கூடும்போது பிற்கால மாரடைப்பு போன்ற நோய்களின் வாய்ப்பு, ஏற்கெனவே இருக்கும் அளவில் ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்கிறது என்று 2013-இல் வெளியான ஆய்வு கணித்தது. இதைக் குறைக்க ஒரு எளிய உத்தி உண்டு: மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, மார்புச் சுவரிலிருந்து இதயம் விலகுகிறது, அந்த நேரத்தில் மட்டும் கதிரைச் செலுத்துவார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதி இல்லை. இருக்கிறதா என்று கேளுங்கள். இருபது விநாடி மூச்சடக்க முன்கூட்டியே வீட்டில் பழகிக்கொள்வது நல்லது.

அளவெடுத்த பிறகு திட்டம் தயாராக ஒரு வாரம் வரை ஆகலாம். அது தாமதமன்று, மருத்துவரும் இயற்பியலாளரும் கணக்கிடும் நேரம்.

அன்றாடம்

அறைக்குள் மொத்தம் பத்து முதல் இருபது நிமிடம். அதில் கதிர் விழுவது ஓரிரு நிமிடமே. சரியாகப் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியேறுவார்கள். கேமரா வழியே பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டும் இருப்பார்கள். எந்திரம் சுற்றிவரும், முனகும். வெளியே வந்ததும் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. பேரனைத் தூக்கலாம், கர்ப்பிணி மகளின் அருகில் உட்காரலாம், ஒரே தட்டில் உண்ணலாம். கருத்தரிக்கும் வயதில் உள்ளவர்கள் சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது மட்டும் கட்டாயம்.

தவணை விடுவதுதான் தவறு. கும்பாபிஷேகம், சாந்திக் கல்யாணம், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி நோக்கிய நடைப்பயணம் என்று எங்கள் பக்கத்து நாள்காட்டியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தொடங்கும் தேதியை அதற்கேற்ப முன்னரே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாமே தவிர, நடுவில் நிறுத்தக் கூடாது. எந்திரமே பழுதாவது வேறு. எங்களுக்கு ஒரு நாள் அது நேர்ந்தது. விடியற்காலைப் பேருந்தேறி, இரண்டரை மணிநேரம் கழித்து வாசலில்தான் செய்தியே தெரிந்தது. எந்திர அறையின் தொலைபேசி எண்ணை வாங்கிவைத்துப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளும் வழக்கம் அன்றுதான் எங்களுக்கு வந்தது. விட்ட தவணையைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

தோல்

புத்தகங்களில் “தோல் சிவக்கும்” என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கறுக்கும், உலரும், அரிக்கும், தொட்டால் சூடாக இருக்கும். சிவக்கவில்லையே என்று சும்மா இருந்துவிட வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கும் இந்த மாற்றம், உச்சத்தை அடைவது கடைசித் தவணைக்குப் பின் ஒன்று, இரண்டு வாரத்தில். அதாவது, மருத்துவமனைக்குப் போவது நின்று, பார்ப்பதற்கு யாரும் இல்லாத நேரத்தில். முடிந்துவிட்டது என்று மகிழ்ந்த ஆச்சி, எட்டாம் நாள் மார்பின் அடிமடிப்பில் தோல் உரிந்து நீர் கசிந்ததைக் கண்டு, நோய்தான் திரும்பிவிட்டதோ என்று கலங்கிப்போனார். அது எதிர்பார்க்கத்தக்கதே, மருத்துவமனைக்குப் போய்க் களிம்பும் கட்டும் போட்டபின் பத்து நாளில் ஆறிவிட்டது. கசிவோடு காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் அன்றே போக வேண்டும்.

பராமரிப்பு எளியது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தல், மடிப்புகளை உலர்வாக வைத்தல். மருத்துவர் எழுதித்தந்த களிம்பை மட்டும் பூச வேண்டும். தவணைக்குச் சற்று முன் கெட்டியாக அப்பிக்கொண்டு போகக் கூடாது. நல்லெண்ணெய், மஞ்சள், சந்தனம், முகப்பவுடர், வேப்பிலை அரைப்பு ஆகிய எவையும் அந்த இடத்தில் வேண்டாம். சூட்டு ஒத்தடமும் ஐஸும் ஆகா. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். எண்ணெய் மார்பில் வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும். இறுக்கமான உள்ளாடைக்குப் பதில் பருத்தி. சேலையின் முந்தானை இடது தோளில் கிடப்பதால், இடப்பக்க நோயாளிகளுக்கு ரவிக்கையின் கைவளைவும் சரிகையும் அக்குளில் உராயும். துவைத்துத் துவைத்து இளகிய பழைய கண்டாங்கிதான் ஆச்சிக்கு அப்போது ஒத்துப்போனது. பேருந்தில் வெயில் விழாத பக்கம் அமரவும்.

களைப்பும் சாப்பாடும்

தலைமுடி உதிராது, அக்குள் முடி மட்டும் உதிரலாம். வாந்தி பெரும்பாலும் இராது. களைப்பு வரும், கடைசி வாரத்திலும் அதற்குப் பின் சில வாரமும் கூடுதலாக இருக்கும். முழு நாளும் படுத்திருப்பதைவிட மாலையில் அரைமணி நேரம் நடப்பது அதைக் குறைக்கிறது. எங்கள் ஊரில் களைப்பைக் கூட்டுவது வேறொன்று: நலம் விசாரிக்க வருகிறவர்கள். நோயாளியே எழுந்து காபி கலந்து, பலகாரம் எடுத்து வைத்து உபசரிக்கும் கொடுமையை உடன் இருப்பவர்கள்தான் தடுக்க வேண்டும். வருகிறவர்களைத் திண்ணையிலேயே அமர்த்தி நான் பேசி அனுப்பியதில் சிலருக்கு வருத்தம்; இருக்கட்டும்.

உணவில் பத்தியம் எதுவும் இல்லை. கதிர் மார்பில் விழுகிறது, வயிற்றில் அன்று; மிளகும் பட்டையும் மணக்கும் குழம்பை உண்ணத் தடையில்லை. காறையெலும்புக்கு மேலுள்ள நெறிக்கட்டிகளுக்கும் கதிர் தருவதானால் தொண்டை சிறிது கரகரக்கலாம். அப்போது மட்டும் காரம் குறைத்தால் போதும். முட்டை, மீன், பருப்பு என்று புரதம் குறையாமல் கொடுங்கள். பெயர் தெரியாத கஷாயத்தையும், அதிக அளவு விட்டமின் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

முடிந்த பிறகு

மார்பு சில மாதம் கனத்தும் வீங்கியும் இருக்கலாம். ஊசி குத்துவதுபோல் அவ்வப்போது சுருக்கென்று வலிக்கும். ஆண்டுகள் செல்ல, அந்த மார்பு சற்றுச் சுருங்கி இறுகலாம். ஆறு மாதத்துக்குள் விடாத வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், மருந்துக் கடையில் சொல்லி இருமல் மருந்து வாங்காமல், கதிர்வீச்சுப் பெற்றவர் என்று மருத்துவரிடம் சொல்லிக் காட்ட வேண்டும். நுரையீரல் அழற்சி அரிதாக வருவதுண்டு. கை வீங்கினாலும், வளையல் திடீரென இறுகினாலும் உடனே காட்டுங்கள். நிணநீர் தேக்கத்தைத் தொடக்கத்தில் பிடித்தால் கட்டுப்படுத்துவது எளிது. தோள் பயிற்சியை நிறுத்த வேண்டாம். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமை முதல்முறை கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடுக்கச் சொல்வார்கள், பிறகு ஆண்டுக்கொருமுறை.

விடைபெறும் நாளில் சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்காமல் வர வேண்டாம். எந்தப் பக்கம், எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பூஸ்ட் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். ஒருமுறை கதிர் பெற்ற இடத்துக்கு மீண்டும் அதே அளவு தருவது கடினம் என்பதால், பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் முதலில் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான். ஆச்சியின் தாள் வீட்டுப் பத்திரங்களோடு பெட்டகத்தில் இருக்கிறது. படியொன்று சிங்கப்பூரில் இருக்கும் மகனிடமும் இருக்கிறது.